நம் குழந்தைகளுக்கு ஏற்ற படப் புத்தகங்கள்

பிழைப்பை நாடி வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு விந்தையைக் காணலாம். வீட்டில் தாயும் தந்தையும் தமிழில் பேசுகிறார்கள். குழந்தையும் தமிழிலேயே விடை சொல்கிறது. தெருவில் இறங்கினால் இந்தி. பள்ளிக்குள் நுழைந்தால் ஆங்கிலம். ஏழு வயது நிரம்புவதற்குள் மூன்று மொழிகள் அதன் நாவில் தடையின்றிப் பழகிவிடுகின்றன. இதைக் கண்டு பெற்றோர் பெருமை கொள்வது இயல்பே. ஆயினும் ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பிதழைக் கையில் கொடுத்து, "யாருக்குக் கல்யாணம், படித்துச் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். கடைப் பலகைகளையெல்லாம் இந்தியில் கடகடவென்று படிக்கும் அதே குழந்தை திகைத்து நிற்கும். பேசத் தெரிந்த தாய்மொழியைப் படிக்க அதற்குத் தெரியாது.

பேச்சு மட்டும் இருந்து எழுத்து இல்லாமற் போனால் மொழி ஒரு வீட்டில் எத்தனை காலம் நிற்கும்? அக்குழந்தை வளர்ந்து, தன் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்கும்? இன்று அழைப்பிதழைப் படிக்க இயலாதவன் நாளைக்குத் தாத்தாவின் நாட்குறிப்பையும், பாட்டியின் கடிதத்தையும், பாரதியையும் வள்ளுவரையும் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டு தலைமுறைக்குள் வீட்டிலுள்ள தமிழ் நூல்கள் யாவும் பழைய தாள் வாங்குபவனின் தராசுக்குப் போய்விடும். எனவே இது ஏதோ பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு அன்று. நம் வீட்டின் உடைமையைப் பற்றிய பேச்சு.

நான் புலவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்றவனும் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ஜபல்பூரில் ரெயில்வே அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளுகிறவன். ஆயினும் சில ஆண்டுகளாக நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் உதவி வருவதாலும், வீட்டில் இரு குழந்தைகளுக்குத் தகப்பனாக இருப்பதாலும், இவ்விஷயத்தில் கண்டறிந்த சிலவற்றை அன்பர்கள் முன் வைக்கத் துணிகின்றேன்.

வகுப்பை விட்டு ஏன் விலகுகிறார்கள்?

ஜூன் மாதத்தில் ஆர்வத்தோடு வந்து சேரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தீபாவளிக்குப் பின் வருவதில்லை. அவர்கள் மந்தமானவர்கள் அல்லர். பள்ளியில் கணக்கிலும் அறிவியலிலும் முன்னணியில் நிற்பவர்களே. அவர்களுக்கு நாம் முதலில் கொடுப்பது அரிச்சுவடி. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று, ஆக 247 என்று கணக்கைச் சொல்லிப் பலகையில் கட்டம் போட்டுக் காட்டுகிறோம். இத்தனையையும் மனப்பாடம் செய்து முடித்த பிறகே கதை என்றால், ஏழு வயதுப் பிள்ளை எத்தனை வாரம் பொறுத்திருக்கும்? தமிழ்நாட்டுக் குழந்தைக்குக் கடைப் பலகை, பேருந்துப் பலகை, சுவரொட்டி எல்லாம் நாள்தோறும் எழுத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். நம் குழந்தைக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரமே உண்டு.

மற்றொரு தடையும் இருக்கிறது. அது வடக்கே வாழும் நமக்கே உரியது. முதலில் இந்தி எழுத்தைக் கற்ற பிள்ளை, ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து உண்டென்று எண்ணிப் பழகியிருக்கிறது. நம் ககரமோ இடத்திற்கு ஏற்ப ஒலி மாறுவது. 'கல்' என்பதில் ஒரு விதமாகவும், 'தங்கம்' என்பதில் ஒரு விதமாகவும், 'பகல்' என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. 'படம்' என்னும் சொல்லில் வரும் டகரத்தை இந்திப் பழக்கத்தால் வல்லொலியாகவே உச்சரித்துவிட்டுப் பொருள் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளை வகுப்பில் அடிக்கடி காண்கிறேன். இவ்வொலி மாற்றத்தை விதி சொல்லி விளக்கினால் பெரியவர்களுக்கே தலை சுற்றும். ஆனால் வீட்டில் அன்றாடம் கேட்ட சொல்லை, அதன் படத்தோடும் எழுத்தோடும் சேர்த்துப் பார்க்கும்போது, குழந்தையின் காதே எழுத்தைத் திருத்திவிடுகிறது. இங்கேதான் படப் புத்தகம் துணைக்கு வருகிறது.

படப் புத்தகம் என்பது யாது?

படம் போட்ட எல்லாப் புத்தகமும் படப் புத்தகம் ஆகாது. நீண்ட கதையின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சித்திரம் சேர்ப்பது ஒரு வகை. 'அ' என்றால் அணில் என்று பொருளுக்கொரு படம் போடுவது மற்றொரு வகை. நான் இங்கே கூறும் படப் புத்தகத்தில் கதையில் பாதியைப் படம் சொல்லும். மீதியைச் சொல் சொல்லும். ஒன்றை மறைத்தால் மற்றொன்று நிறைவு பெறாது.

இம்முறை இன்று நேற்று வந்ததன்று. கோமீனியஸ் என்னும் கல்வியறிஞர் 1658-ஆம் ஆண்டிலேயே, உலகத்துப் பொருள்களைப் படங்களாகக் காட்டிக் குழந்தைகளுக்கு மொழி கற்பிக்கும் நூலொன்றை ஜெர்மனியிலுள்ள நூரன்பர்க் நகரில் வெளியிட்டார். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அவ்வெண்ணுக்கு உரிய சொல்லை அருகே கொடுத்திருந்தார். அந்நூல் லத்தீன், ஜெர்மன் ஆகிய இரு மொழிகளில் அமைந்திருந்தது என்பது நாம் கருதத்தக்கது. வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறு என்று இருந்த குழந்தைகளுக்கு, இரண்டையும் இணைக்கும் பாலமாகப் படமே அமைந்தது. நம் நிலையும் அதுவே.

நம் தமிழிலும் இதற்கு நல்ல மரபு உண்டு. 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா இதழை அதன் சித்திரங்களுக்காகவே காத்திருந்து வாங்கிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. வங்கியில் பணியாற்றிக்கொண்டே குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதிக் குவித்த அழ. வள்ளியப்பா, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாவதற்கு முன்னின்றவர். பகலெல்லாம் பேரேட்டில் கணக்கெழுதியவர் இவ்வளவு செய்தார் என்றால், நம் போன்ற அலுவலர்கள் மாலையில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது முடியாத காரியமா?

தேர்ந்தெடுக்கும் முறை

ஊருக்குப் போகும்போது கடையில் கண்ணைக் கவரும் அட்டையைப் பார்த்து வாங்கி வந்துவிடுகிறோம். வீட்டில் குழந்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூலையில் போட்டுவிடுகிறது. குறை குழந்தையிடம் இல்லை. வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம்.

முதலாவது, எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும். அடர்ந்த வண்ணத்தின் மேல் அச்சிட்ட எழுத்தைப் பழகாத கண்ணால் பிரித்தறிய இயலாது. வெள்ளை அல்லது வெளிர் நிறத்தின் மேல் கறுப்பெழுத்தே தொடக்கத்திற்கு ஏற்றது.

இரண்டாவது, ஒரு பக்கத்தில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். தொடக்க நிலைக்குப் பக்கத்திற்கு ஒரு வாக்கியம் போதும். ஒரே வாக்கியம் சிறு மாற்றத்துடன் பக்கந்தோறும் திரும்பி வருமாயின் மிகவும் நன்று. மூன்றாம் பக்கத்தில் குழந்தை தானே அதைச் சொல்லிவிடும்.

மூன்றாவது, புணர்ச்சியால் நீண்ட சொற்கள் நிறைந்த நூலைப் பின்னர் வாங்கலாம். 'மரத்தின் மேல் ஏறியது' என்று பிரித்து அச்சிட்டால் குழந்தைக்கு எளிது. 'மரத்தின்மேலேறியது' என்று சேர்த்துவிட்டால் அது மலையாகத் தோன்றும்.

நான்காவது, மொழி நடை. நம் குழந்தைக்கு வீட்டுப் பேச்சுத் தமிழ் மட்டுமே தெரியும். 'வந்துச்சு' என்பது தெரியும்; 'வந்தது' என்பது புதிது. ஆகவே கதைமாந்தர் பேசும் இடத்தில் இயல்பான பேச்சும், கதை சொல்லும் இடத்தில் எளிய எழுத்துத் தமிழும் கொண்ட நூல்கள் இரண்டிற்கும் இடையே படிக்கட்டாக அமையும்.

ஐந்தாவது, நீதியைக் கடைசிப் பக்கத்தில் மூட்டையாகக் கட்டி வைக்கும் நூல்களை அளவோடு வாங்குங்கள். குழந்தை சிரிக்க வேண்டும், வியக்க வேண்டும், "இன்னொரு தடவை" என்று கேட்க வேண்டும். பத்து தடவை கேட்கும் கதையினால் வரும் எழுத்தறிவு, பத்து நீதி நூல்களை ஒவ்வொரு தடவை புரட்டுவதால் வராது.

ஆறாவதாக ஓர் எச்சரிக்கை. தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த பழைய நூல்களையும் இதழ்த் தொகுப்புகளையும் தொடக்கநிலைப் பிள்ளையிடம் நேரே கொடுக்க வேண்டாம். 1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சானவற்றில் 'லை', 'னை', 'ணை', 'றா', 'னா' முதலிய எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். குழந்தை குழம்பும். அவற்றைப் பெரியவர் படித்துக் காட்டலாம். படங்களைக் காட்டி மகிழ்விக்கலாம்.

எங்கே, எவை?

டில்லியில் 1957-ஆம் ஆண்டில் இரண்டு நிறுவனங்கள் தோன்றின. ஒன்று மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட். மற்றொன்று கேலிச்சித்திரக்காரர் சங்கர் நிறுவிய சில்ரன்ஸ் புக் டிரஸ்ட். முன்னதன் நேரு பால புஸ்தகாலய வரிசையில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிலும் ஒரே படங்களுடன் நூல்கள் வருகின்றன. விலையும் நம் கைக்கு அடக்கமானது. அவ்வரிசையில் மிக்கி படேல் எழுதி வரைந்த ரூபா என்னும் யானையின் கதை சிறு குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றது. தன் நிறம் அழகில்லை என்று வருந்தும் மிருகக்காட்சிசாலை யானைக்குப் பிற விலங்குகள் தத்தம் வண்ணங்களைத் தருகின்றன. நிறங்களின் பெயரையும் விலங்குகளின் பெயரையும் ஒருங்கே கற்பிக்க இதனினும் நல்ல நூல் வேண்டுமோ?

சில்ரன்ஸ் புக் டிரஸ்டின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைப்பவை. ஆயினும் 'மகாகிரி' என்னும் யானைக் கதையை எப்படியாவது வாங்கி வையுங்கள். ஹேமலதா எழுத, புலக் பிஸ்வாஸ் படம் வரைந்தது. குழிக்குள் கம்பத்தை நடச் சொன்னால் யானை மறுக்கிறது. பாகன் வருத்தியும் அசையவில்லை. குழிக்குள் ஒரு பூனைக்குட்டி இருக்கிறது என்பது பின்னர்தான் தெரிகிறது. படத்தைக் காட்டிக் கதையை நம் தமிழில் சொல்லலாம்.

சென்னையில் 1996-இல் தொடங்கிய துலிகா பதிப்பகம் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த நூல்களும் அவற்றுள் உண்டு. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த 'கஜபதி குலபதி' சளி பிடித்துத் தும்மும் யானையின் கதை. தும்மல் வரும் பக்கத்தை நீங்கள் குரலெடுத்துப் படித்தால் வகுப்பு முழுவதும் உங்களோடு சேர்ந்து தும்மும். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் மொய்னா கதை உண்டு. ஆடு மேய்க்கும் பழங்குடிச் சிறுமி எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்கிறாள். படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு நாம் சொல்லும் நூறு அறிவுரைகளைவிட இச்சிறுமி சொல்லும் விடை பிள்ளைகள் மனத்தில் பதியும்.

பெங்களூரில் 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் நூல்கள் நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டவை. முதற்படி புதிதாகப் படிப்போருக்கு. நான்காம் படி தங்குதடையின்றிப் படிப்போருக்கு. அந்நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் ஸ்டோரிவீவர் என்னும் இணையதளத்தைத் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிக் கதைகளைக் கட்டணமின்றிப் படிக்கவும், இறக்கிக்கொள்ளவும், அச்சிடவும் இசைவு அளித்திருக்கிறது. ஊருக்குப் போய் வாங்கும் வாய்ப்பில்லாத நமக்கு இது பெரும் உதவி. ஸ்ரீதலா சுவாமி எழுதிய, சுசீலா கோலம் போடும் கதையைச் சிறுமியருக்குக் காட்டுங்கள். நம் வீட்டு வாசலில் அம்மா போடும் கோலம் புத்தகத்திலும் இருக்கிறது என்று காணும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-ஆம் ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாக அமைந்துள்ளன. பெயரே அழகாக இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகளைப் பிரிக்கவும் இப்பெயர்களையே கையாளலாம். "நீ கீழ் வகுப்பு" என்பதைவிட "நீ இப்போது நடக்கிறாய், அடுத்து ஓடுவாய்" என்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

நாம் வாழும் மண்ணின் படங்கள்

குழந்தை நூல்கள் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியறிஞர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். தன் வாழ்வைத் தானே காண்பது கண்ணாடி. பிறர் வாழ்வைக் காண்பது சன்னல். நம் குழந்தைக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பனைமரமும் தேர்த்திருவிழாவும் அம்மா அப்பாவுக்குக் கண்ணாடி; குழந்தைக்கோ அவை சன்னல். கோதுமை வயலும் நர்மதைக் கரையுமே அது கண்ட உலகம். ஆகவே தமிழ்நாட்டுக் காட்சிகளைக் கொண்ட நூல்களே தமிழ் நூல்கள் என்று எண்ணாமல், இரண்டு வகையும் வாங்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் மத்தியப் பிரதேசத்துக்கும் சென்னைக்கும் உள்ள உறவொன்றைச் சொல்லியாக வேண்டும். இங்குள்ள கோண்டுப் பழங்குடி ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி ஆகிய மூவரின் மரச் சித்திரங்களைச் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2006-இல் நூலாக்கியது. கையால் செய்த கறுப்புத் தாளில், திரை அச்சு முறையில், ஒவ்வொரு படியையும் கையாலேயே அச்சிட்டு உருவாக்கிய நூல் அது. 2008-இல் இத்தாலியின் பொலோனா நகரில் நடக்கும் குழந்தை நூல் சந்தையின் பரிசையும் பெற்றது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இலும் துர்காபாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்நூல் ஆங்கிலத்தில் உள்ளது. விலையும் சற்று அதிகம். ஆயினும் சங்கத்திற்கு ஒரு படி இருத்தல் தகும். இம்மண்ணின் கையும் நம் ஊரின் அச்சும் சேர்ந்து உண்டாக்கிய பொருள் என்று பிள்ளைகளிடம் காட்டுவோம். தாம் இரண்டு ஊருக்கும் உரியவர்கள் என்பதை அவர்கள் அதனால் உணர்வார்கள்.

வீட்டில் படிக்கும் முறை

புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணலாகாது. 1988-இல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். சிறு குழந்தைகளுக்குப் படப் புத்தகம் படித்துக் காட்டும் பெற்றோரில் ஒரு பகுதியினரிடம், இடையிடையே கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேச வைக்கும்படியும், அது சொன்னதை விரித்துச் சொல்லும்படியும் கூறினர். நான்கே வாரங்களில் அக்குழந்தைகளின் பேச்சுத் திறன் மற்றக் குழந்தைகளினும் முந்தி நின்றது. புத்தகம் ஒன்றே, படித்த முறைதான் வேறு.

நாமும் அவ்வாறே செய்யலாம். "இது என்ன?" என்று மட்டும் கேளாமல், "இந்தப் பையன் ஏன் ஒளிந்துகொண்டான்?", "அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். குழந்தை "பில்லி ஓடுது" என்று இந்தியைக் கலந்து சொன்னால் சினக்க வேண்டாம். "ஆமாம், பூனை ஓடுகிறது, வேகமாக ஓடுகிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். திருத்தம் தானே நடந்துவிடும். படிக்கும்போது சொல்லின் கீழ் விரலை ஓட்டுங்கள். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அவ்விரலின் வழியே கண்ணுக்குள் போகும்.

இரு மொழி நூலாயின் ஒரு சிறு உபாயம் உண்டு. குழந்தை தனக்கு எளிதான ஆங்கிலத்திற்கே தாவும். ஆகவே முதல் தடவை ஒரு தாள் துண்டால் ஆங்கிலத்தை மறைத்துவிட்டுத் தமிழைப் படியுங்கள். கதை மனத்தில் பதிந்த பிறகு தாளை எடுத்துவிடலாம்.

இரவுப் பணி, முறைப் பணி என்று அலையும் ரெயில்வேக்காரர்களுக்கு நாள்தோறும் நேரம் கிட்டாது என்பதை நான் அறிவேன். ஓய்வு நாளில் இரண்டு புத்தகம், மற்ற நாட்களில் தாயாரோ பாட்டியாரோ ஒரு புத்தகம் என்று வைத்துக்கொண்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாரும் இதில் பங்கு கொள்ளலாம். படத்தைப் பார்த்து அவர் சொல்லும் கதை, புத்தகத்தில் உள்ள கதையினும் சுவையாக இருப்பதுண்டு.

வகுப்பறையில் பயன்படுத்தும் முறை

நம் ஞாயிறு வகுப்பில் ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்கிறார்கள். ஒரே பாடம் எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் ஒரே படப் புத்தகம் எல்லோருக்கும் பொருந்தும். வேலையை மட்டும் வேறாகப் பிரித்தால் போதும்.

முதல் பத்து நிமிஷம் ஆசிரியர் புத்தகத்தை எல்லோரும் காணும்படி பிடித்துப் படித்துக் காட்டட்டும். 'மகாகிரி' போன்ற கதையாயின், யானை மறுக்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, "ஏன் மறுக்கிறது?" என்று கேட்கட்டும். அப்போது வாய் திறவாத பிள்ளையும் வாய் திறக்கும். பின்னர்ச் சிறுவர்கள் கதையில் வந்த ஐந்து பொருள்களை வரைந்து பெயர் எழுதட்டும். நடுநிலைப் பிள்ளைகள் வாக்கியச் சீட்டுகளைக் கதை வரிசைப்படி அடுக்கட்டும். மூத்தவர்கள் அடுத்த வாரம் அக்கதையைச் சிறியவர்களுக்குத் தாமே படித்துக் காட்ட ஆயத்தம் செய்யட்டும். தம்பி தங்கையர் முன் தடுமாறக் கூடாது என்னும் வீம்பு, எந்தத் தேர்வும் தராத உழைப்பை அவர்களிடமிருந்து வாங்கிவிடும்.

மூத்த பிள்ளைகளுக்கு மற்றொரு பணியும் கொடுக்கலாம். ஸ்டோரிவீவர் தளத்தின் கதைகளை மொழிபெயர்க்கவும் இசைவு உண்டு. ஓர் இந்திக் கதையை எடுத்துக்கொண்டு, தாயாரைக் கேட்டுக் கேட்டுத் தமிழாக்கி, அச்சிட்ட தாள்களில் எழுதி ஒட்டி நூலாகத் தைக்கட்டும். இந்தியில் அவர்கள் தேர்ந்தவர்கள். தமிழில் தாயார் தேர்ந்தவர். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் காட்சி வீட்டுக்கே அழகு.

அரிச்சுவடியைக் கைவிடச் சொல்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். அகர வரிசை அவசியம் வேண்டும். கதையில் 'பூனை'யைக் கண்ட பின் பகர வரிசையைச் சொல்லிக்கொடுத்தால், அது வெறுங் கட்டமாக இராமல் பூனையின் வீடாகத் தோன்றும் என்பதே என் கருத்து.

சில ஐயங்கள்

"தமிழ் படித்து இங்கே என்ன வேலை கிடைக்கும்?" என்று சில அன்பர்கள் கேட்கிறார்கள். வேலைக்காக நாம் இந்தியும் ஆங்கிலமும் கற்பிக்கிறோம். அதில் குறை வைக்கவில்லை. தமிழை ஏன் கற்பிக்கிறோம் என்றால், அது தாத்தாவோடும் பாட்டியோடும் பேசுவதற்கும், அவர்கள் மறைந்த பின்னும் அவர்கள் எழுதி வைத்ததைக் கேட்பதற்கும் உரிய மொழி என்பதனால்தான். வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தாய்மொழிக்குக் கொடுத்ததனால் எந்தப் பிள்ளையும் கணக்கில் தோற்றதில்லை.

"கைப்பேசியில் எத்தனையோ தமிழ்க் கதைகள் ஓடுகின்றனவே, புத்தகம் எதற்கு?" என்பது மற்றொரு கேள்வி. அவற்றால் காது பழகும் என்பது உண்மை. ஆனால் அங்கே படம் நிற்பதில்லை. குழந்தை நினைத்த இடத்தில் நிறுத்தி விரல் வைத்துக் கேட்க இயலாது. புத்தகம் குழந்தையின் வேகத்திற்குக் காத்திருக்கும், கைப்பேசி காத்திராது.

ஒரு வேண்டுகோள்

தனித்தனியாக ஒவ்வொரு குடும்பமும் இத்தனை நூல்களை வாங்குவது கடினம். ஆகவே சங்கத்தின் பொறுப்பில் ஒரு புத்தகப் பெட்டி அமைக்கலாம் என்று செயற்குழுவினரிடம் விண்ணப்பித்துக்கொள்கிறேன். பழைய தகரப் பெட்டி ஒன்றே போதும். கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் இரண்டு படப் புத்தகம் வாங்கி வந்து பெட்டியில் சேர்க்கட்டும். ஜனவரி வாக்கில் சென்னையில் புத்தகக் காட்சி நடைபெறுகிறது. மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. ரெயில்வேப் பாசில் பயணம் செய்யும் நமக்குச் சுமை கூலியும் இல்லை. இருபது குடும்பங்கள் இரண்டு இரண்டாக வாங்கினால், ஓராண்டில் நாற்பது நூல்கள் சேர்ந்துவிடும். ஒரே நூலைப் பலரும் வாங்கிவிடாதபடி, போகுமுன் பட்டியலைப் பார்த்துச் செல்லலாம்.

நூல் கொடுத்ததையும் திரும்ப வந்ததையும் பதிவேட்டில் குறித்து வைப்பது என் பொறுப்பாக இருக்கட்டும். அலுவலகத்தில் நாள் முழுதும் செய்யும் வேலைதானே! கிழிந்தால் அபராதம் வேண்டாம். பலர் கைபட்டுக் கிழிந்த புத்தகம் நன்றாகப் படிக்கப்பட்ட புத்தகம். பசையும் தாளும் கொண்டு ஞாயிறுதோறும் பிள்ளைகளே ஒட்டிவிடுவார்கள். பெட்டியைப் பூட்டி வைத்து, விருந்தினர் வரும்போது மட்டும் திறந்து காட்டும் வழக்கம் நமக்கு வேண்டாம்.

இவ்வாண்டு ஊருக்குப் புறப்படும் அன்பர்கள், முறுக்கும் அப்பளமும் வாங்கும் பட்டியலின் அடியில் "குழந்தைக்குப் படப் புத்தகம், இரண்டு" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். முறுக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். புத்தகத்தை அடுத்த வீட்டுக் குழந்தையும், அதற்கடுத்த வீட்டுக் குழந்தையும் படிக்கும்.